கொப்பரையில் சுண்ணாம்பு, வாணலியில் கிச்சிலி

பழனிக்கு மேற்கே பத்து கிலோமீட்டர் அளவில், மலையடிவாரத்தில் இருக்கிறது நெய்க்காரப்பட்டி. கரும்புத் தோட்டமும், தோட்டத்துக்கு நடுவே ஆலைக் கொட்டகையும், ஊருக்குள் வெல்ல மண்டியுமாக இந்தப் பக்கத்துக்கு ஒரு தனி வாசனை உண்டு. வெட்டிய கரும்பை அன்றைக்கே ஆட்டி, பாலைக் கொப்பரையில் ஊற்றி, காய்ந்த சக்கையை அடுப்புக்குள் தள்ளித் தீ மூட்டுவார்கள். பால் சூடேறி அழுக்கு மேலே மிதந்து வரும் நேரத்தில் கொஞ்சம் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊற்றுவார்கள். எதற்கு என்று கேட்டால், ஊற்றாவிட்டால் வெல்லம் கட்டி நிற்காது, பிசுபிசுத்துப் போகும் என்று பதில் வரும். அளவு கூடினாலும் ஆபத்துதான். நிறம் கறுத்து, நாக்கில் கார வாடை அடிக்கும்.

பிரான்சின் பழைய சமையற்கூடங்களில் இதற்கு நேர் எதிரான ஒரு வேலை நடந்துவந்தது. அங்கே சர்க்கரையை வாணலியில் போட்டு, அது உருகிப் பொன்னிறம் தாண்டித் தேன் நிறத்துக்கு வரும் வரை காய்ச்சுவார்கள். அந்த நொடியில் வினிகரை ஊற்றினால் சுர்ரென்று ஆவி கிளம்பும். பிறகு புளிப்பும் கசப்பும் கலந்த ஓர் ஆரஞ்சின் சாறு. அதன் மேல் வாத்தின் எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து வற்றவைத்த சாறு. கடைசியாக அதே பழத்தின் தோலை நூல் நூலாகச் சீவி, வெந்நீரில் ஒரு கொதி விட்டு எடுத்துப் போட்ட இழைகள். சுட்ட வாத்துக்கறியின் மேல் ஊற்றும் இந்தச் சாறுக்கு சாஸ் பிகராட் என்று பெயர். 1903ஆம் ஆண்டு வெளிவந்த, பிரெஞ்சு சமையலின் சட்டப் புத்தகம் போலவே மதிக்கப்படும் எஸ்கோஃபியேயின் நூலிலும் இதற்கு இடமுண்டு. பிகராட் என்பது அந்தக் கசப்பு ஆரஞ்சு. நம் ஊரில் அதற்கு நெருங்கிய சொந்தம் கிச்சிலி. நாரத்தை என்றும் பல ஊர்களில் சொல்கிறார்கள்.

கரும்புப்பாலில் சுண்ணாம்பை ஊற்றுகிறவருக்கும் காய்ச்சிய சர்க்கரையில் புளிப்பை ஊற்றுகிறவருக்கும் கவலை ஒன்றுதான்: சர்க்கரை உறையுமா, உறையாதா? ஒருவருக்கு அது உறைந்தே ஆகவேண்டும். இன்னொருவருக்கு உறையவே கூடாது. இருவரும் ஒரே வேதிவினையின் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள்.

கரும்பில் இருக்கும் சர்க்கரை சுக்ரோஸ். குளுக்கோஸ் ஒன்று, ஃபிரக்டோஸ் ஒன்று என இரண்டு சிறு சர்க்கரைகள் கைகோத்த மூலக்கூறு அது. ஒரே மாதிரி மூலக்கூறுகள் லட்சக்கணக்கில் வரிசையாக அடுக்கிக்கொள்ளும்போது படிகம் உண்டாகிறது. கற்கண்டு, சீனி, வெல்லத்தின் உள்ளே மின்னும் பொடி எல்லாம் அதுதான். அமிலம் இருந்தால் அந்தக் கைப்பிடி விட்டுப்போகும். தண்ணீர் மூலக்கூறு ஒன்று நடுவே நுழைந்து, சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைகிறது. வடிவம் வேறான மூன்று மூலக்கூறுகள் ஒரே பாகில் கலந்து கிடந்தால் அடுக்கு ஒழுங்காக அமையாது. பாகு பளபளப்பாக, இழுவையாக, அப்படியே நிற்கும். குலாப் ஜாமூன் பாகு மறுநாள் பூத்துப்போகாமல் இருக்க நம் வீடுகளில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவதும் இதற்காகத்தான்.

இந்த உடைப்பு எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பதை அளந்ததிலிருந்துதான் வேதியியலில் ஒரு தனித் துறையே பிறந்தது. சுக்ரோஸ் கரைசல் வழியே ஒளியை ஒரு குறிப்பிட்ட விதத்தில் செலுத்தினால் அதன் அதிர்வுத் தளம் வலப்பக்கம் திரும்பும். உடைந்த சர்க்கரைக் கலவையில் இடப்பக்கம் திரும்பும். கரைசலை எடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை. ஒளி எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளே எவ்வளவு சர்க்கரை உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 1850இல் லுட்விக் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் இப்படி அளந்து, எந்த நொடியிலும் உடையும் வேகம் அந்த நொடியில் மிச்சமிருக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்தது என்று கணக்காக எழுதிக் காட்டினார். ஒரு வேதிவினையின் வேகத்தைக் கணிதத்தில் பிடித்த முதல் வேலை என்று அதைச் சொல்வார்கள். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் எடுத்துச் சொன்ன பிறகே அதன் அருமை தெரிந்தது.

அந்தக் கணக்கை நெய்க்காரப்பட்டிக்குக் கொண்டுவரலாம். ஆட்டிய கரும்புப்பாலின் பி.எச். ஏறத்தாழ 5.2 முதல் 5.4. லேசான புளிப்பு. சுண்ணாம்பு விட்டால் அது 6ஐ ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ ஏறும். கசப்பு ஆரஞ்சுச் சாறின் பி.எச். 3ஐ ஒட்டியது. பி.எச். ஒரு படி இறங்கினால் அமிலத்தின் வலு பத்து மடங்கு கூடும். சர்க்கரை உடையும் வேகமும் கூடவே பத்து மடங்கு கூடும். 6க்கும் 3க்கும் நடுவே மூன்று படி. ஆக, சுண்ணாம்பு விட்ட கொப்பரையைவிடக் கிச்சிலிச் சாறு ஊற்றிய வாணலியில், ஒரே சூட்டில், சர்க்கரை ஆயிரம் மடங்கு வேகத்தில் உடையும். சூடு பத்து டிகிரி ஏறினாலே வேகம் இரண்டரை முதல் நான்கு மடங்காகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று மணி நேரம் கொதிக்கும் கொப்பரைக்குக் கைப்பிடிச் சுண்ணாம்பு எவ்வளவு பெரிய காவல் என்று விளங்கும்.

காவல் முழுமையானதல்ல. நல்ல வெல்லத்திலும் பத்து சதவீதத்தை ஒட்டி உடைந்த சர்க்கரை இருக்கத்தான் செய்யும். வெட்டிய கரும்பு வயலிலேயே இரண்டு நாள் கிடந்தால் இந்த அளவு இன்னும் கூடும். கரும்பில் இருக்கும் நொதிகளும் நுண்ணுயிர்களும் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிடும். ஃபிரக்டோஸுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் அதிகம். ஐப்பசி அடைமழையில் மூட்டைக்குள் வெல்லம் கசிவதும், கசிந்த வெல்லத்தைப் பார்த்ததும் வியாபாரி விலையைக் குறைப்பதும் இந்தக் குணத்தால்தான். பாயசத்தில் வெல்லம் போட்டதும் பால் திரிந்துபோகிறதே, அதற்கும் காரணம் வெல்லத்தில் தங்கிவிட்ட புளிப்பு. பால் ஆறிய பிறகு வெல்லப்பாகைச் சேர்க்கச் சொல்லும் பாட்டிகள் பி.எச். பார்த்ததில்லை. ஆனால் சூடு குறைந்தால் புளிப்பின் வேலை தளரும் என்பதை அனுபவத்தில் பிடித்திருந்தார்கள்.

மண்டி வெல்லத்தின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பழுப்பு, வாணலியில் சர்க்கரையைக் கருக்கினால் வரும் பழுப்பு அல்ல. சர்க்கரை தானாகக் கருக 160 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். கொப்பரையை இறக்கும் பதம் 118 டிகிரியை ஒட்டியே வந்துவிடும். வெல்லத்தின் நிறம் பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது: கரும்புப்பாலில் இருக்கும் அமினோ அமிலங்களும் உடைந்த சர்க்கரையும் சேர்ந்து நடத்தும் வினை அது. லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912இல் எழுதிவைத்தது. இறைச்சி சுடும்போது மேல்தோல் சிவப்பதும், தோசையின் அடி பொன்னிறமாவதும், வெங்காயம் வதங்கிச் சிவப்பதும் அதே மையார் வினைதான். ஆக பிகராட் சாஸில் பழுப்புக்கு இரண்டு ஊற்று: சர்க்கரை கருகியது ஒன்று, வாத்தின் எலும்பும் தோலும் சிவந்தது இன்னொன்று. வெல்லம் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் அடம்பிடிப்பதால் ஹைட்ரோஸ் தூவி வெளுக்கவைப்பதும், மட்டமான சீனியைக் கலப்பதும் நடக்கின்றன. உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது ஆலைகளில் சோதனை போடுவதற்கு இதுதான் காரணம். நிறம் போனால் சுவையில் பாதியும் போகிறது என்பதை வாங்குகிறவர்கள் யோசிப்பதில்லை.

இனி பழத்துக்கு வரலாம். எலுமிச்சைக் குடும்பத்தை வகைப்படுத்துவது தாவரவியலாளர்களுக்கே தலைவலி. அமெரிக்கரான ஸ்விங்கிள் இந்தப் பேரினத்தில் 16 சிற்றினங்கள் என்றார். ஜப்பானியரான தனாகா 162 என்றார். இருவரும் பார்த்தது ஒரே மரங்களைத்தான். இந்தக் குடும்பத்தில் யாரும் யாரோடும் கூடுவார்கள், பிறந்த பிள்ளை விதை வழியே அச்சாகத் தன்னைப் போலவே பெருகும். அதனால் ஒவ்வொரு கலப்பும் தனி இனம் போலத் தோற்றம் காட்டுகிறது. மரபணுவைப் படித்த பிறகு குழப்பம் பெருமளவு தீர்ந்தது. பம்பளிமாஸ், மாண்டரின் என்கிற கமலா ஆரஞ்சு, சிட்ரான் என்கிற கொம்மட்டி மாதுளை முதலான சில மூதாதைகளிலிருந்து மற்றவை கிளைத்தன. கசப்பு ஆரஞ்சு பம்பளிமாஸுக்கும் மாண்டரினுக்கும் பிறந்த நேர் வாரிசு. எலுமிச்சையின் மஞ்சள் நிறப் பெரிய உறவான லெமன், அந்தக் கசப்பு ஆரஞ்சுக்கும் சிட்ரானுக்கும் பிறந்தது. 2018இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இந்தக் குடும்பத்தின் பூர்வீகத்தை இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தில், 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வைக்கிறது. அஸ்ஸாம், யுன்னான், வட பர்மா என்று இன்றைக்கு நாம் சொல்லும் நிலம் அது.

அங்கிருந்து மேற்கே போன ஆரஞ்சுகளில் கசப்பு ஆரஞ்சுதான் முந்தியது. அரபிகள் வழியாக 10, 11ஆம் நூற்றாண்டுகளில் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தது. இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவில் பரவியது அதற்கு நானூறு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து. ஆகவே சுட்ட கறியின் மேல் ஆரஞ்சுச் சாறு பிழிந்த அந்தக் காலத்து ஐரோப்பியர் பிழிந்தது புளித்துக் கசக்கும் பழத்தை. வாத்துக்கு ஆரஞ்சு சேர்த்தது இனிப்புக்காக இல்லை. இது மறந்துபோனதால்தான் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலகத்து ஓட்டல்களில் பரிமாறப்பட்ட ஆரஞ்சு வாத்து பலருக்குத் திகட்டியது. இனிப்பு ஆரஞ்சின் சாறில் மேலும் சர்க்கரை சேர்த்தால் அது மிட்டாய்ப்பாகுதானே. கசப்பை எடுத்துவிட்டால் அந்தச் சாஸின் முதுகெலும்பே போய்விடுகிறது.

கசப்பின் கணக்கு வேடிக்கையானது. கசப்பு ஆரஞ்சிலும் பம்பளிமாஸிலும் நரிஞ்ஜின், நியோஹெஸ்பெரிடின் என்ற சேர்மங்கள் உண்டு. ஒரு நடுப்பகுதியும், அதில் தொங்கும் ராம்னோஸ், குளுக்கோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளும்தான் அவற்றின் அமைப்பு. இனிப்பு ஆரஞ்சிலும் இதே வகைச் சேர்மம், இதே இரண்டு சர்க்கரைகள். வித்தியாசம் ஒன்றே ஒன்று: ராம்னோஸ் குளுக்கோஸின் இரண்டாம் கார்பனில் கோக்கப்பட்டால் நாக்கு சுருங்கும் கசப்பு, ஆறாம் கார்பனில் கோக்கப்பட்டால் எந்தச் சுவையும் இல்லை. எந்தக் கார்பனில் கோப்பது என்பதை ஒரு நொதி தீர்மானிக்கிறது. பம்பளிமாஸிடமிருந்து அந்த நொதிக்கான மரபணுவை வாங்கிய பிள்ளைக்குக் கசப்பு உறுதி.

1960களில் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் ஹோரோவிட்ஸ், ஜென்டிலி என்ற இருவர் இந்தக் கசப்பைத் துருவிக்கொண்டிருந்தார்கள். நியோஹெஸ்பெரிடினைக் காரத்தில் இட்டு, நடு வளையத்தைத் திறந்து, ஹைட்ரஜனைச் சேர்த்தபோது கிடைத்த பொருள் சர்க்கரையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இனித்தது. கசக்கும் மூலக்கூறின் ஒரு வளையத்தைத் திறந்ததும் அது இனிப்பாகிவிட்டது. மருந்துகளின் கசப்பை மறைக்க இன்றைக்கும் இதைச் சேர்க்கிறார்கள். அமிலம் சர்க்கரையை உடைக்கிறது, காரம் கசப்பைத் திருப்பிப்போடுகிறது. நாவுக்குச் சுவை தருவதில் இந்த இரண்டுக்கும் இருக்கும் பங்கைச் சமையல் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

பிகராட் செய்கிறவர் தோலை நூலாகச் சீவி வெந்நீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது கசப்பை அளவுக்குக் கொண்டுவரத்தான். நரிஞ்ஜின் வெந்நீரில் கரைந்து வெளியேறும். கசப்பு அதிகம் தங்குவது தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சதையில். வாசனை தங்குவது மேல்தோலின் எண்ணெய்ப் பைகளில். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன். தோலைத் தீக்குச்சிச் சுடரின் அருகே மடித்து அழுத்தினால் பீய்ச்சும் துளி பொரிந்து எரியும். ஆகவே மேல்தோலை மெல்லிசாக, வெள்ளை ஒட்டாமல் சீவத் தெரிந்தவருக்கே இந்தச் சாஸ் கைகூடும்.

நம் கைவழி வேறு. நாரத்தங்காயைச் சுருள் சுருளாக, அறுந்துபோகாமல் வெட்டி, உள்ளே உப்பை அடைத்து, ஜாடியில் ஊறவைத்து, வெயிலில் காயவைப்பார்கள். உப்பு திசுவிலிருந்து தண்ணீரை உறிஞ்சி வெளியே இழுக்கும். அந்தத் தண்ணீரிலேயே திரும்பத் திரும்ப ஊறிக் காய்வதால் பிரெஞ்சுக்காரர் கொட்டிவிடும் கசப்பு இங்கே பெரும்பாலும் காய்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆனால் நாக்கு அதை அவ்வளவாக உணர்வதில்லை. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ப்ரெஸ்லினும் போஷாம்பும் 1997இல் நேச்சர் இதழில் காட்டியது இதைத்தான்: சோடியம் கசப்பை அடக்கும், அடங்கிய கசப்பு விட்ட இடத்தில் மற்ற சுவைகள் மேலே வரும். நாள்பட்ட நாரத்தை கறுத்துப்போவது தனிக் கதை. அதிலிருக்கும் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, சிதைந்து பழுப்பாகிறது. பழைய நாரத்தை மணக்கிறது, ஆனால் வைட்டமினுக்காக அதைச் சாப்பிடுவதில் பொருளில்லை.

இறைச்சிக்கு ஏன் இந்தப் புளிப்பும் கசப்பும்? வாத்தின் தோலுக்கு அடியில் கோழியைவிட மிகத் தடித்த கொழுப்பு உண்டு. தண்ணீரில் நீந்தும் பறவைக்குக் குளிர் தாங்க அது வேண்டும். அந்தக் கொழுப்பு வாயில் ஒரு பூச்சாகப் படிந்து, அடுத்தடுத்த வாயில் சுவையை மந்தப்படுத்துகிறது. புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கவைப்பதில் மற்ற எல்லாச் சுவைகளையும் மிஞ்சும். துவர்ப்பு வேறு வேலை செய்கிறது. அதே மோனெல் மையத்தில் நடந்து 2012இல் கரன்ட் பயாலஜி இதழில் வெளியான ஒரு சோதனையில், உலர்ந்த கொழுப்புக் கறியையும் தேநீரையும் மாற்றி மாற்றி உண்ணச் சொன்னார்கள். துவர்ப்பான மடக்கு ஒவ்வொன்றும் வாயின் வழுக்கலைக் குறைத்தது. மடக்குகள் கூடக் கூட விளைவும் கூடியது. கொழுப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று சமன்செய்யும் எதிர்த்தரப்புகள் என்று அவர்கள் முடிவு சொன்னார்கள். எலுமிச்சை வகைப் புளிப்பிலும் லேசான துவர்ப்பு உண்டு.

மீனின் வாடையை எலுமிச்சை போக்குவது எளிய வேதியியல்: மீன் வாடையில் பெரும்பகுதி அமீன்கள், அவை காரத்தன்மை கொண்டவை, அமிலம் அவற்றைக் கட்டிப்போட்டுக் காற்றில் பறக்கவிடாமல் செய்கிறது. ஆட்டுக்கறிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. வெள்ளாட்டுக் கறியின் வாடை கிளைத்த கொழுப்பு அமிலங்களிலிருந்து வருகிறது. அமிலத்தை அமிலத்தால் அடக்க முடியாது. அங்கே எலுமிச்சைக்கு வேலை வேறு: உமிழ்நீரும், தோல் எண்ணெயின் நறுமணமும், கொழுப்பைக் கழுவும் தெளிவும். ஆட்டுக்கறியில் சாறு பிழிந்தாலே வாடை போய்விடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மீண்டும் பிகராட் சாஸுக்கு வந்தால், அதன் உடம்பு எலும்பிலிருந்து வருகிறது. எலும்பையும் மூட்டையும் மெல்லக் கொதிக்கவிட்டால் கொலாஜன் என்ற நார்ப் புரதம் அவிழ்ந்து ஜெலட்டினாகிறது. ஆறினால் கட்டியாகி, வாயின் சூட்டில் உருகும் பொருள் அது. மாவு சேர்க்காமலேயே சாறு நாக்கில் கனமாக நிற்பது இதனால்தான். ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டு முடித்ததும் உதடு ஒட்டுவதும் அதே ஜெலட்டின்.

திண்டுக்கல் சமையலில் இவற்றுக்கெல்லாம் இணை தேடினால் ஒன்று பளிச்சென்று கிடைக்கிறது. 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய தலப்பாக்கட்டி பிரியாணியும், அதைச் சுற்றி வளர்ந்த திண்டுக்கல் பாணியும் சீரகச் சம்பாவுக்குப் புளிப்பைத் தக்காளியில் தேடுவதில்லை, தயிரும் எலுமிச்சையும்தான். கறியின் கொழுப்புக்கு எதிராக எலுமிச்சை வகைப் புளிப்பை நிறுத்திவைக்கும் யோசனை பாரிஸிலும் திண்டுக்கல்லிலும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஆனால் இனிப்பு? அதே மாவட்டத்தில் நெய்க்காரப்பட்டி வெல்லம் இருந்தும் இந்தப் பக்கத்துக் கறிக்குழம்பில் வெல்லம் விழுவதில்லை. வெல்லம் புளியோடு சேரும், ஆனால் சைவத்தில்: புளியிஞ்சியில், வத்தக்குழம்பின் கடைசியில் ஒரு துணுக்காக. கறியில் இனிப்பு வேண்டாம் என்று சொல்லும் நாக்குக்கும் இனிப்பு போய்க்கொண்டுதான் இருக்கிறது, சின்ன வெங்காயம் வழியாக. வெங்காயத்தை எண்ணெயில் நிதானமாக வதக்கும்போது தண்ணீர் வற்றிச் சர்க்கரை செறிகிறது, மையார் வினையில் சிவக்கிறது. வெங்காயம் வதக்கச் சோம்பல்படுகிறவர் கையில் பிரியாணி ஏன் மொட்டையாக இருக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

மலைக்கும் இதில் பங்குண்டு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப் பழனி மலையின் காப்பித் தோட்டங்களில் கமலா ஆரஞ்சு ஊடுபயிராக நின்றது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நோய்கள் அவற்றை வாட்டிவிட்டன. சிட்ரஸ் பச்சையாதல் நோய்க்குக் காரணம், ஒரு சின்னஞ்சிறு தாவரப் பேனால் மரத்துக்கு மரம் பரவும் பாக்டீரியா. டிரிஸ்டெசா, அசுவினிப் பூச்சி சுமக்கும் வைரஸ். இந்த வைரஸ் கசப்பு ஆரஞ்சு வேர்க்கட்டையில் ஒட்டிய மரங்களைத் தேடித் தாக்கியதால்தான் 1930களிலிருந்து பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. அதுவரை உலகம் முழுக்க ஒட்டுக்கட்ட மிக உகந்த வேர் என்று கசப்பு ஆரஞ்சையே நம்பியிருந்தார்கள். பழத்துக்காக இல்லாமல் வேருக்காக வளர்க்கப்பட்ட மரம் அது. சமையற்கட்டில் அதன் பங்கு சிறியது.

கிச்சிலியை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1989இல் கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர், ரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின் மாத்திரையை கிரேப்ஃப்ரூட் சாறோடு கொடுத்தபோது ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராமல் எகிறியதைக் கண்டார்கள். மருந்தைச் சிதைக்கும் குடல் நொதி ஒன்றை அந்தப் பழத்தின் ஃபுரானோகூமரின்கள் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. கிரேப்ஃப்ரூட்டைப் போலவே பம்பளிமாஸின் ரத்தம் ஓடும் கசப்பு ஆரஞ்சிலும் அதே சேர்மங்கள் உண்டு. வழக்கமாக மாத்திரை எடுப்பவர்கள் கிச்சிலிச் சாறைக் குவளைக் கணக்கில் குடிப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. சாதத்தோடு தொட்டுக்கொள்ளும் ஊறுகாய்த் துண்டு அந்த அளவில் வராது.

மண்டி வெல்லத்தை வைத்தே பிகராட் சாஸைச் செய்யலாமா என்று கேட்கும் ஆர்வலர்களுக்கு இரண்டு தடைகள். வெல்லத்தில் புரதத் துணுக்கும் தாது உப்பும் இருப்பதால் சீனியைப் போல நிதானமாகத் தேன் நிறத்துக்கு வராது, திடீரென்று கருகும். ஆகவே வெல்லத்தைக் கருக்காமல் சிறிது தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கெட்டிப் பதம் வருவதற்கு முன்பே கிச்சிலிச் சாறை ஊற்றி வற்றவைக்க வேண்டும். நிறம் ஏற்கெனவே வெல்லத்தில் இருக்கிறது. கருகலின் லேசான கசப்பு மட்டும் குறையும், அதைத் தோல் இழைகள் ஈடுகட்டும். எலும்புச் சாறும் உப்பும் சேர்ந்தால் இனிப்பு பின்வாங்கும். இரண்டாவது தடை பாத்திரம். இவ்வளவு புளிப்பை ஈயம் பூசாத பித்தளையிலோ, அலுமினியத்திலோ, இரும்புச் சட்டியிலோ கொதிக்கவிட்டால் உலோகம் கரைந்து சாறில் இறங்கும், சுவை கெடும். எவர்சில்வர் போதும், மண்சட்டி இன்னும் நல்லது. வாத்து கிடைக்காவிட்டால் தோலோடு சுட்ட நாட்டுக்கோழி. கொழுப்பு குறைவு என்பதால் அதற்குச் சாறைக் கால் பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும்.